இலவச வைத்தியமும் அரைப்பேரும்

கேட்கப்பட்ட கேள்வி: "இலங்கையில் வைத்தியம் இலவசம். சுகாதாரத்தில் தெற்காசியாவிலேயே முன்னணி என்கிறார்கள். அப்படியிருக்க, மலையகத் தேயிலைத் தோட்டங்களில் பிள்ளைகள் ஏன் இவ்வளவு வளர்த்தி குறைவாக இருக்கிறார்கள்? பரம்பரையா, சாப்பாட்டுப் பழக்கமா, குடியா? விழிப்புணர்வு கொடுத்தால் சரியாகிவிடாதா?"

பரம்பரை இல்லை. சாப்பாட்டுப் பழக்கத்துக்கும் குடிக்கும் ஒரு பங்கு உண்டு, ஆனால் ஊரில் பேசிக்கொள்கிற அளவுக்கு இல்லை. விழிப்புணர்வைப் பல வருஷமாகக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். நானே கொடுத்திருக்கிறேன். பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில் பிறந்து, பிறகு சுகாதாரத் துறையில் வேலை பார்த்தவன் நான். அதனால் இந்தப் பதிலில் பாதி படித்தது, பாதி பார்த்தது.

முதலில் கணக்கு. 2016ஆம் ஆண்டு குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் 17.3 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டத்துறையை மட்டும் பிரித்துப் பார்த்தால் 31.7 சதவீதம். 2019இல் நாட்டின் வறுமை விகிதம் 14.3, தோட்டங்களில் 33.8. ஆக, எதை எடுத்தாலும் இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த இரண்டு மடங்கு பல காலம் யார் கண்ணிலும் படாமல் போனதற்கு ஒரு எளிய காரணம் இருக்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி தோட்டத்துறையில் வாழ்கிறவர்கள் நாட்டு மக்களில் நூற்றுக்கு நாலரைப் பேர்கூட இல்லை. நாளைக்கே தோட்டத்தில் ஒரு பிள்ளைகூட வளர்த்தி குறையாத நிலை வந்தாலும், நாட்டின் சராசரி ஒன்று ஒன்றரைப் புள்ளிதான் இறங்கும். அப்படியே நிலைமை மோசமானாலும் சராசரி அசையாது. கொழும்பில் உட்கார்ந்து சராசரியை மட்டும் பார்க்கிறவருக்குத் தோட்டம் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

சரி, பரம்பரைக்கு வருவோம். "எங்க ஆளுங்க கட்டை உடம்புதான்" என்று தோட்டத்து ஆட்களே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 1997க்கும் 2003க்கும் இடையில் ஆறு இடங்களில் குழந்தைகளை அளந்தது: பிரேசிலின் பெலோட்டாஸ், கானாவின் அக்ரா, நோர்வேயின் ஒஸ்லோ, ஓமானின் மஸ்கட், அமெரிக்காவின் டேவிஸ், அப்புறம் இந்தியாவின் தெற்கு டில்லி. தாய்ப்பால் குடித்து, சுத்தமான வீட்டில், வசதிக் குறைவில்லாமல் வளரும் பிள்ளைகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஐந்து வயது வரைக்கும் எல்லா ஊர்ப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்ந்தார்கள். இன்று கிளினிக் அட்டையில் இருக்கும் வளர்ச்சிக் கோடு அந்த அளவையிலிருந்து வந்ததுதான். இன்னொன்றும் சொல்லவேண்டும். 2006-07 ஆய்வில் தோட்டத்துப் பிள்ளைகளில் சுமார் 40 சதவீதம் பேர் வளர்த்தி குறைந்தவர்கள். பத்து வருஷத்தில் அது 31.7க்கு இறங்கியது. பத்து வருஷத்தில் பரம்பரை மாறாது.

பரம்பரை மாதிரித் தெரிகிற ஒன்று மட்டும் உண்டு. சிறு வயதில் வளராமல் போன பெண், வளர்ந்து தாயாகும்போது அவள் வயிற்றில் பிள்ளையும் எடை குறைந்து பிறக்கும் வாய்ப்பு அதிகம். எடை குறைந்து பிறந்தது மெதுவாகத்தான் வளரும். அம்மா, மகள், பேத்தி என்று மூன்று தலைமுறையை வரிசையாக நிற்கவைத்துப் பார்த்தால் யாருக்கும் பரம்பரை என்றுதான் தோன்றும். ஆனால் கைமாறிக்கொண்டு வருவது பசியும் இரத்தச்சோகையும்தான்.

அப்படியானால் பிழை எங்கே நடந்தது? இதற்குக் கொஞ்சம் பழைய கதைக்குப் போகவேண்டும்.

தோட்டத்து ஆட்களுக்கு வைத்திய வசதி வேண்டும் என்று வெள்ளைக்காரன் சட்டம் போட்டது 1872இல். தோட்டங்களிடம் வரி வாங்கி மாவட்ட ஆஸ்பத்திரிகளை நடத்துவது, தோட்டத்துக்குள் டிஸ்பென்சரி வைப்பது என்று ஒரு தனி ஏற்பாடு. பாசத்தில் போட்டதல்ல, ஆள் செத்தால் வேலை கெடும். ஆனால் அன்றைக்கே ஒன்று தீர்மானமாகிவிட்டது. ஊர்ச் சனத்துக்கு அரசாங்கம், தோட்டச் சனத்துக்குத் துரை.

1916இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் ஆட்கள் கொக்கிப்புழுவை ஒழிக்கத் தோட்டங்களுக்கு வந்தார்கள். கொக்கிப்புழு என்றால் வெறும் வயிற்றுப்பூச்சி என்று நினைக்கவேண்டாம். வெறுங்காலோடு மண்ணை மிதிக்கிறவர்களின் பாதத் தோல் வழியாக ஏறி, குடலில் ஒட்டிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்தை உறிஞ்சும். மாதவிடாய்ப் பெண்ணுக்கும் கர்ப்பிணிக்கும் அது பெரிய இழப்பு. மருந்து எண்ணெய் கொடுத்தார்கள், புழு செத்தது. சில மாதம் கழித்துச் சோதித்தால் மறுபடியும் புழு. காரணம் எல்லாருக்கும் தெரியும்: கக்கூஸ் இல்லை. மருந்தைக் கொடுக்க விட்ட தோட்டங்கள் பல, கக்கூஸ் கட்டச் சொன்னால் செலவைக் காட்டிப் பின்வாங்கின.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மருந்து மட்டும் போதாது, மண்ணும் தண்ணீரும் வீடும் மாறவேண்டும், வீட்டுக்கு வீடு போக ஆள் வேண்டும் என்பது தோட்டங்களில் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். அந்தப் பாடமும் சேர்ந்து 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு உருவானது. ஒரு வைத்திய அதிகாரி, சுகாதாரப் பரிசோதகர்கள், தாயையும் பிள்ளையையும் கவனிக்க வீட்டுக்கு வரும் மருத்துவமாதுக்கள். இன்றுவரை இலங்கைச் சுகாதாரத்தின் முதுகெலும்பு இந்த ஏற்பாடுதான். பாடம் படித்தது தோட்டத்தில், பலன் போனது கிராமத்துக்கு.

அடுத்தது ஓட்டு. இதை நான் மிக முக்கியமாகச் சொல்வேன். 1931இல் இலங்கைக்கு சர்வசன வாக்குரிமை வந்தது. 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் சுமார் 80,000 பேர் செத்தபோது, ஓட்டுக் கேட்டு வந்தவர்களிடம் சனம் கேட்டது ஆஸ்பத்திரியை. மாகாணம் மாகாணமாக ஆஸ்பத்திரி, மகப்பேற்று விடுதி, மருத்துவமாது. 1951இல் அரசாங்க வைத்தியத்துக்குக் கட்டணமே இல்லை என்றாயிற்று. 1930களில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 2,000 தாய்மாருக்கு மேல் இறந்த நாடு இது. 2020 வாக்கில் அந்த எண்ணிக்கை 30ஐ ஒட்டி வந்துவிட்டது. ஏழை நாடும் இதைச் செய்யலாம் என்பதற்கு உலகமே கேரளாவையும் இலங்கையையும் உதாரணம் காட்டியது, நியாயமாகத்தான்.

இந்த ஏற்பாடு கிளைவிட்டுப் பரவத் தொடங்கிய அதே நேரத்தில், 1948இல், இந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டம் வந்தது. 1947 தேர்தலில் தோட்டத்து ஆட்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனம் பிடித்திருந்தது. அடுத்த தேர்தலில் தோட்டத்தில் ஓட்டுப்போட ஆளில்லை. ஓட்டில்லாத சனத்துக்கு எந்த எம்.பி. ஆஸ்பத்திரி கேட்பார்? 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பங்குபோட்டார்கள். நாளைக்குக் கப்பலேறலாம் என்று காத்திருக்கிற குடும்பத்துக்கு எவன் தண்ணீர்க் குழாய் போடுவான்? 1973-74 பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினியால் செத்தார்கள். கிராமத்தவனுக்கு மரவள்ளி நட ஒரு துண்டு நிலம் இருந்தது. லயத்தானுக்கு வாசற்படியோடு நிலம் முடிந்தது. குடியுரிமைப் பிரச்சினைக்குச் சட்டத்தில் கடைசி முற்றுப்புள்ளி 2003இல்தான் விழுந்தது.

ஐம்பத்தைந்து வருஷம். வளர்த்தி குறைவைப் பற்றிப் பேசும் பயிற்சிப் பட்டறைகளில் இந்த எண் வருவதே இல்லை. 'சமநிலை உணவு' மட்டும் கட்டாயம் வரும்.

இப்போது ஒரு கிளினிக் நாளுக்கு வாருங்கள். தோட்டத்து மக்களுக்கு 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்குப் போய், மலையில் இறங்கி, சொன்ன கிலோ கொழுந்தைப் பறித்தால் முழுப்பேர். இடையில் போனாலோ, கிலோ குறைந்தாலோ அரைப்பேர். கிளினிக் காலை ஒன்பது மணிக்கு. தாய் மலையை விட்டு ஏறி, பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில்) ஆயாவிடம் விட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, வரிசையில் நின்று, எடை போட்டுத் திரும்ப மத்தியானமாகும்.

"என்னம்மா, போன மாசமும் வரல்லியே?" என்று மருத்துவமாது கேட்கிறார்.

"வந்தா அரைப்பேருதான் போடுறாங்க மிஸி."

அவ்வளவுதான் உரையாடல். வைத்தியம் இலவசம். வருவதற்கு அரை நாள் சம்பளம். கொழும்பில் அலுவலகத்தில் வேலை செய்கிற தாய் அரை நாள் லீவு போட்டால் சம்பளம் குறையாது. அங்கேயும் இங்கேயும் பெயர்ப்பலகை ஒன்று, மருந்து ஒன்று, தடுப்பூசி ஒன்று. விலை மட்டும் வேறு. தோட்டத்தில் கொழுந்தை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை நிறுக்கிறார்கள், பிள்ளையை மாதத்துக்கு ஒரு தடவை நிறுக்க அரைப்பேர் போகிறது.

அட்டையில் கோடு பச்சையை விட்டு இறங்கினால் திரிபோஷா கொடுப்போம். சோளமும் சோயாவும் கலந்த சத்துமா. கணக்கு ஒரு பிள்ளைக்குப் போட்டது. ஒரு தாயிடம் நான் பெரிய மனுஷன் தோரணையில் கேட்டேன்: "மாவை யாருக்குக் கொடுத்தீங்க?" அவர் மறைக்கவே இல்லை. "சீனி போட்டு உருட்டி நாலு பேருக்கும் குடுத்தேன் ஐயா. ஒண்ணுக்குக் குடுத்துட்டு மத்த மூணையும் பாத்துக்கிட்டு இருக்கச் சொல்லவா?" அதற்குப் பிறகு நான் அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்டதில்லை.

சாப்பாட்டுப் பழக்கம் என்கிறீர்களே, அதுவும் இங்கேதான் இருக்கிறது. காலையில் கோதுமை மா ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியும். அது ருசிக்காக வந்த பழக்கமல்ல. நாலு மணிக்கு எழும்பும் ஒரு பெண், பெரட்டுக்கு முன்னால் செய்யக்கூடியது, மத்தியானம் மலையில் வைத்து ஊசிப்போகாமல் தின்னக்கூடியது, குறைந்த காசில் வயிறு நிறைவது, இந்த மூன்றும் சேர்ந்தது ரொட்டி. முட்டை நல்லது, கீரை நல்லது, பால் நல்லது என்று தெரியாத தாய் தோட்டத்தில் இல்லை. பல வருஷப் போராட்டத்துக்குப் பிறகு 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆனது. அடுத்த வருஷமே பொருளாதாரம் சரிந்து, 400 கிராம் பால்மாப் பொதியின் விலை அந்த ஆயிரத்தைத் தாண்டியது. பாலின் அருமையைப் பற்றி அந்த வருஷமும் சொற்பொழிவு நடத்தினோம்.

ஆனால் தின்பதை மட்டும் பார்த்தாலும் பாதிதான் விளங்கும். பிள்ளை தின்கிறது, உடம்பில் ஒட்டுவதில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் காம்பராவில் அடுப்புப் புகையோடு ஆறு பேர். மேலே இருக்கிற லயத்தின் சாக்கடைக் கானைத் தாண்டி வருகிற தண்ணீர். மாதத்துக்கு ஒரு வயிற்றோட்டம், ஒரு சளி. ஒவ்வொரு தடவையும் பிள்ளை வளரவேண்டிய பத்து நாளை நோய் தின்றுவிடும். திரும்பத் திரும்ப கிருமி போகும் குடல் உள்ளுக்குள்ளேயே வீங்கிக் கெட்டு, சத்தை உறிஞ்சும் திறனை இழக்கும். அந்தப் பிள்ளைக்கு முட்டை கொடுத்தாலும் முழுப் பலன் வராது. 1916இல் மருந்து எண்ணெய்க்கு நடந்ததுதான் இன்றைக்குத் திரிபோஷாவுக்கும் நடக்கிறது.

குடியைப் பற்றிக் கேட்டீர்கள். இருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. சம்பள நாளில் கசிப்புக்கு, அதாவது கள்ளச் சாராயத்துக்குப் போகிற காசு பிள்ளையின் வாயிலிருந்து எடுத்ததுதான். வெற்றிலை புகையிலையால் வாய்ப்புற்றும் வருகிறது. ஆனால் கவனியுங்கள், குடி பெரும்பாலும் அப்பன் குடிப்பது. தாயின் சம்பளத்தில் ஓடுகிற வீடுகளில்கூட பிள்ளையின் கோடு ஏறுவதில்லை. குடியை நிறுத்தினால் நல்லது. நிறுத்தினாலும் தண்ணீர் அதே தண்ணீர்தான்.

இனி எது வேலை செய்தது என்று பாருங்கள். பிரசவம் இப்போது தோட்டத்திலும் ஏறக்குறைய முழுவதும் ஆஸ்பத்திரியில்தான். தடுப்பூசியும் அப்படித்தான். ஒரு காலத்தில் தோட்டத்துக் குழந்தை இறப்பு நாட்டுக் கணக்கைவிட எங்கேயோ உயரத்தில் இருந்தது, அந்த இடைவெளி பெரிதும் சுருங்கிவிட்டது. 70களில் தோட்டங்கள் அரசுடைமையானதும், 90களில் தோட்ட ஆஸ்பத்திரிகள் சிலவற்றை அரசாங்கம் பொறுப்பெடுத்ததும், அரச மருத்துவமாது லயத்து வாசலுக்கு வந்ததும் இதற்குக் காரணம். எந்தெந்த வேலையில் அரசாங்கம் தோட்டத்துக்குள் வந்ததோ அங்கெல்லாம் இடைவெளி குறைந்தது. வீடு, தண்ணீர், கூலி, நேரம் ஆகிய நாலும் இன்னும், 90களில் தோட்ட நிர்வாகத்தைத் திரும்ப எடுத்த கம்பனியின் கையிலோ யார் கையிலும் இல்லாமலோ கிடக்கின்றன. பிள்ளையின் உயரம் இந்த நாலிலும்தான் தொங்குகிறது. உயிரைக் காப்பாற்ற ஒரு நாள் ஆஸ்பத்திரி போதும், உயரத்துக்கு ஆயிரம் நாள் வீடு வேண்டும்.

சுகாதார ஏற்றத்தாழ்வைப் பற்றி எழுதுகிறவர்கள் பொதுவாக இரண்டு யோசனையில் ஒன்றைப் பிடித்துக்கொள்வார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கொடு, அல்லது ஏழைக்கு மட்டும் கொடு. முதலாவதில் வரக்கூடியவன் வந்து வாங்கிப்போவான், அரைப்பேருக்குப் பயந்தவள் வரமாட்டாள். இரண்டாவதில் ஏழைக்கென்று ஒதுக்கியது தரத்திலும் ஏழையாகவே இருக்கும். தோட்ட டிஸ்பென்சரியின் நூற்றைம்பது வருஷக் கதை அதற்குச் சாட்சி. பிரிட்டனில் மைக்கேல் மார்மட் தலைமையில் 2010இல் வந்த அறிக்கை நடுவழி ஒன்றைச் சொன்னது: எல்லாரையும் ஒரே ஏற்பாட்டுக்குள் கொண்டுவா, தேவை கூடியவர்களுக்கு அதே ஏற்பாட்டில் கூட்டிக்கொடு. எனக்குச் சரியாகப் படுவது இதுதான்.

அதை மலையகத்துக்குப் பொருத்தினால் என்ன வரும் என்பதில் என் விருப்ப வரிசை இது. எல்லாவற்றுக்கும் முதலில் குழாய்த் தண்ணீரும் கக்கூசும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, சத்துணவுத் திட்டத்துக்கும் முன்னால் வைப்பேன். அடுத்தது கிளினிக் நாளுக்கு முழுப்பேர். பெரிய சட்டம் வேண்டாம், சம்பள விதிகளில் ஒரு வரி. பிள்ளைக் காம்பராவில் மத்தியானச் சாப்பாடு, முட்டையோடு. அங்கே கொடுத்தால் நாலாகப் பங்குபோட வேண்டியதில்லை. தமிழ் பேசும் மருத்துவமாதுக்கள்: சிங்களத்தில் சொல்லும் விளக்கத்துக்குத் தலையாட்டிவிட்டு வெளியே வந்து "என்னம்மா சொன்னாங்க?" என்று பக்கத்துப் பெண்ணிடம் கேட்கும் தாய்மாரை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். தமிழ்ப் பிள்ளைகளை அந்த வேலைக்கு எடுக்க உயர்தரப் பரீட்சையில் பாஸ் பண்ணவேண்டும், தோட்டப் பாடசாலைகளில் அந்த வகுப்பு எத்தனை இடத்தில் இருக்கிறது என்று கேட்டால் கதை கல்வித் திணைக்களத்துக்குப் போய்விடும். எல்லாம் இப்படித்தான், ஒன்றை இழுத்தால் இன்னொன்று வரும்.

காணியுரிமையும் இதே பட்டியலில்தான். ஏழு பேர்ச் (சுமார் 1,900 சதுர அடி) காணியில் தனி வீடு கட்டிக் கொடுத்த இடங்களில், முதல் மழைக்கே வாசலில் பசளிக் கீரையும் வல்லாரையும் முளைத்திருப்பதைப் பார்த்தேன். யாரும் விழிப்புணர்வு கொடுக்கவில்லை. இன்னொரு லாபமும் உண்டு: வீட்டுக்கு விலாசம். லயத்துக்குத் தனி விலாசம் கிடையாது, கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குப் போய்த்தான் வரும். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து இருதய நோய்ப் பிள்ளைக்கு வந்த திகதிக் கடிதம், திகதி முடிந்து மூன்று வாரம் கழித்து லயத்துக்கு வந்ததை என் கையால் பிரித்து வாசித்துக் காட்டியிருக்கிறேன்.

கடைசியாக, நாங்கள் செய்து பார்த்த ஒன்று. நான் இருந்த பிரதேசத்தில் ஒரு தோட்டத்தில் கிளினிக்கைப் பின்னேரத்துக்கு மாற்றினோம், கடைசிக் கொழுந்தை எடை போட்ட பிறகு, நாலரை மணிக்கு. அரைப்பேர்ப் பிரச்சினை இல்லை. முதல் மாதமே உட்காரும் வாங்கெல்லாம் நிறைந்துவிட்டது, வராத தாய்மாரெல்லாம் வந்தார்கள், கூடையைக் கழற்றாமல் அப்படியே வந்தவர்களும் உண்டு. ஐந்தாவது மாதம் பழையபடி காலை ஒன்பது மணிக்கு மாற்றவேண்டியதாயிற்று. கிளினிக் முடிய ஆறரை ஆகிறது, மருத்துவமாது வீடு திரும்ப அந்தப் பாதையில் கடைசி பஸ் ஐந்தே முக்காலுக்கு.